திண்ணையோரம் நிற்கும் யெஸ்டி

நம்மவர் வாழும் ஊர்களில் சில வீடுகளின் வாசலில், பழைய கைலித் துணியால் போர்த்தப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துணியை விலக்கினால் இரு பக்கமும் நீண்டு செல்லும் சைலன்சர்கள், உருண்டு திரண்ட பெட்ரோல் தொட்டி, தடித்த இருக்கை ஆகியவை தெரியும். ஜாவா அல்லது யெஸ்டி. வீட்டாரைக் கேட்டால், "அது வாப்பா ஓட்டியது. இப்போது ஓடாது. விற்கவும் மனம் வரவில்லை" என்பார்கள். இம்மூன்று கூற்றுகளில் நடுவில் உள்ளது மட்டும் பெரும்பாலும் சரியன்று. ஓடாமல் நிற்கும் யெஸ்டிகளில் பெரும்பாலானவை, ஓட்டத் தெரிந்தவரும் ஓட வைக்கத் தெரிந்தவரும் இல்லாமையால் நிற்பவையே.

காரணம் எளிது. இவ்வண்டிக்கு டீலர் இல்லை. தொலைவில் இருக்கிறார் என்பதன்று, எங்குமே இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1929ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனம் ஜாவா. நிறுவியவரான யானெச்செக்கின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்துகளையும், அவர் உரிமம் பெற்ற வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்தே அப்பெயர் அமைந்தது. ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோர் அந்த வண்டியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1960களின் தொடக்கத்தில் மைசூரில் 'ஐடியல் ஜாவா' தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1970களில் அவ்வண்டிகள் 'யெஸ்டி' என்ற பெயரில் வெளிவரலாயின. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அன்றோடு டீலர் கடைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. 2018இல் ஜாவா என்ற பெயரும், 2022இல் யெஸ்டி என்ற பெயரும் வேறொரு நிறுவனத்தாரால் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவை நான்கு வீச்சு எஞ்சினும் நீர்க்குளிரூட்டலும் கொண்ட புத்தம் புது வண்டிகள். அவற்றின் எஞ்சின் உதிரிபாகம் எதுவும் உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்குப் பொருந்தாது. புதிய கடையின் பெயர்ப் பலகையைக் கண்டு நம்பிக்கையோடு உள்ளே சென்று, ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் உண்டு.

ஆகவே, இவ்வண்டியை வைத்திருப்பவர் தாமே ஓரளவு மெக்கானிக்காக வேண்டியிருக்கிறது. அஞ்ச வேண்டாம். 250 சிசி இரண்டு வீச்சு எஞ்சின் இது. வால்வு இல்லை, கேம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்ற மூன்றே மூன்று முதன்மை உறுப்புகள் அசைகின்றன. கிக் லீவரை உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுவே கியர் லீவராகிவிடும். பொருளைச் சிக்கனமாக எண்ணிச் செய்தவர்களின் கைவண்ணம் அது. பொறுமையுள்ள எவரும் இதைக் கற்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடக் கற்றுக் கொடுக்கலாம். கைபேசியில் கழியும் மாலைப் பொழுதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

நெருப்புப் பொறி

வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பொறி வருகிறதா என்பதையே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மீண்டும் பொருத்தி, பிளக்கின் உடல் எஞ்சினின் இரும்பில் படுமாறு வைத்துக் கிக் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பொறி நீலமாகவும் 'சடக்' என்ற ஓசையோடும் வந்தால் நலம். மஞ்சளாகவோ மங்கலாகவோ வந்தால் டைனமோ மூடியைத் திறக்க வேண்டும்.

உள்ளே பாயிண்ட் எனப்படும் சிறு தொடுமுனைகள் இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், அம்முனைகளில் உப்புக் காற்றால் மெல்லிய படலம் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அப்படலம் ஒன்றே வண்டியைப் பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கப் போதுமானது. நைஸ் உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு இரண்டு முறை இழுங்கள். பிறகு சுத்தமான காகிதத்தை விட்டு இழுத்துத் தூசியை அகற்றுங்கள். எண்ணெய்க் கை படக்கூடாது. முனைகள் முழுவதும் விரிந்த நிலையில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை அளக்கும் பீலர் கேஜ் எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கண்ணளவில் செய்வோம் என்று இருந்துவிடாதீர்கள். இடைவெளி மாறினால் பொறி பாயும் நேரமும் மாறும்.

அந்த நேரத்தைச் சரிபார்ப்பதற்கும் பெரிய கருவி தேவையில்லை. பிளக் துவாரத்தின் வழியே சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றைச் செங்குத்தாக விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கம்பியில் குறித்துக் கொள்ளலாம். அங்கிருந்து எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றி, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் மில்லிமீட்டர் அளவுக்குப் பிஸ்டனை இறக்குங்கள். சரியாக அந்த இடத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். முனைகளுக்கிடையே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து இழுத்துப் பிடித்திருந்தால், திறக்கும் கணத்தில் அது தானே விடுபடும். பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்.

இன்னொரு நோயையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் நன்றாகக் கிளம்பி, பத்துக் கிலோமீட்டர் சென்று சூடேறியதும் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடவாதது போல் மீண்டும் கிளம்பும் வண்டிகள் உண்டு. இதற்குக் கார்புரேட்டரைப் பத்து முறை கழற்றிப் பயனில்லை. பெரும்பாலும் குற்றவாளி கண்டன்சர், இல்லையேல் காயில். பாயிண்ட் முனைகளில் அளவுக்கு மீறிய தீப்பொறி தெரிந்தால் ஐயமின்றிக் கண்டன்சரை மாற்றுங்கள். சந்தையில் போலிக் கண்டன்சர்கள் மலிந்துள்ளன. இரண்டை வாங்கி, இரண்டையும் வண்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்து, நல்லது ஒன்றைக் கருவிப் பையில் வைத்துக் கொள்வது அறிவுடைமை.

பெட்ரோலும் எண்ணெயும்

இவ்வண்டியில் எஞ்சினுக்கான எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. ஒரு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25க்கு 1 என்ற கணக்கைப் பலரும் கடைப்பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் பம்பிலேயே கலந்து தருவார்கள். இன்று அது அரிதாகிவிட்டது. ஆதலால் டூ ஸ்ட்ரோக் ஆயில் புட்டி ஒன்றும், அளவுக் கோடிட்ட சிறு மூடியும் எப்போதும் வண்டியோடு இருக்கட்டும். புகை வருகிறதே என்று எண்ணெயைக் குறைப்பவர்கள் பிஸ்டனுக்குக் குழி வெட்டுகிறார்கள்.

எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. ஏற்காடு போன்ற மலைப் பாதைகளில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு கியரில் உருண்டு வந்தால், எஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் எண்ணெய் கிடைக்காது. அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சற்றே திறந்து மூட வேண்டும். இது நான்கு வீச்சு வண்டி ஓட்டிப் பழகிய இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாத ஒன்று. மகனிடம் சாவியைக் கொடுக்கும் முன் இதையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது, இக்காலத்துச் சோதனை. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு படிப்படியாக உயர்ந்து 2025ஆம் ஆண்டில் இருபது விழுக்காட்டை எட்டிவிட்டது. யெஸ்டி தயாரிக்கப்பட்ட நாளில் எவரும் இதை நினைத்துப் பார்த்ததில்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதச் செய்யும் அல்லது வெடிக்கச் செய்யும். தொட்டியின் அடியில் நீர் தங்கித் துருவேறும். பெட்ரோல் குழாயை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். டேப்பிலும் கார்புரேட்டரிலும் உள்ள வாஷர்களையும் அப்படியே. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால், டேப்பை மூடி, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓட விட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். இதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும்.

தொட்டி ஏற்கெனவே துருவேறியிருந்தால் அதைக் கழற்றி, பெட்ரோல் வாடை போகும் வரை பலமுறை கழுவி, டேப்புத் துளையை அடைத்து, வினிகரால் நிரப்பி ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு சோடா உப்புக் கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்கு உலர்த்தி, உடனே டூ ஸ்ட்ரோக் ஆயில் சிறிது ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி எடுங்கள். தாமதித்தால் அன்று மாலையே துரு திரும்பி வந்துவிடும். இவ்வேலையைக் கொல்லையில் செய்யுங்கள். சமையற்கட்டின் அருகே வேண்டவே வேண்டாம். எடுத்து வைத்த பெட்ரோலும் வீட்டுக்குள் இருக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத சீல்

இரண்டு வீச்சு எஞ்சினில் கிராங்க் அறை காற்றுப் புகாதபடி இருந்தாக வேண்டும். அதன் இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள் உள்ளன. நெடுநாள் நின்ற வண்டியில் இவை காய்ந்து இறுகிவிடும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் பாக்ஸ் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். தெருவே தெரியாத அளவுக்கு வெண்புகை கிளம்பும். கியர் பாக்ஸில் ஊற்றும் எண்ணெய் ஒழுகாமலேயே குறைந்து கொண்டு போகும். டைனமோ பக்கச் சீல் போனால் புகை வராது, அதுதான் ஆபத்து. வெளிக்காற்று உட்புகுந்து கலவை மெலியும். ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் உறுமிக் கொண்டே இருக்கும், அளவுக்கு மீறிச் சூடாகும், ஒரு நாள் பிஸ்டன் இறுகி ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக் கொள்ளும். இழுவை திடீரெனக் குறைவதை உணர்ந்த மறுகணமே கிளட்சைப் பிடித்துவிடுங்கள். அந்த ஒரு கணத்தில் உயிர் தப்பலாம். இடக்கை விரல்கள் கிளட்ச் மீது தயாராக இருக்கட்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சீல் மாற்றுவதை நீங்களே செய்யலாமா? டைனமோ பக்கத்தைப் பழகிய கை செய்யும். அதன் ஆர்மேச்சரைக் கழற்றத் தனியான போல்ட் உண்டு. சுத்தியால் தட்டினால் கிராங்க் வளைந்துவிடும். கிளட்ச் பக்கத்துக்கு இழுவைக் கருவி வேண்டும். ரீபோர், கிராங்க் பின் மாற்றுவது போன்றவற்றைத் தெரிந்த கடைசல் பட்டறைக்கே கொடுங்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்ற பிடிவாதம், எதுவும் எனக்குத் தெரியாது என்ற சோம்பலைவிட அதிகச் செலவு வைக்கும்.

செயின் முழுவதும் இரும்புக் கூட்டுக்குள் மூடப்பட்டிருப்பது யெஸ்டியின் தனிச் சிறப்பு. தூசியும் கடற்காற்றும் எளிதில் அண்டா. ஆனால் கண்ணில் படாததால் மறந்தும் போகிறோம். ஆண்டுக்கு இரு முறையாவது கூட்டைத் திறந்து துடைத்து, எண்ணெயிட்டு, தொய்வைச் சரிசெய்யுங்கள். சைலன்சர்களின் உள்ளே உள்ள குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதும் அதே நாளில் நடக்கட்டும். கரி அடைத்த வண்டி மேட்டில் திணறும்.

பின்னால் அமர்பவர்

வண்டி பளபளப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை அது நிற்பதில் காட்டுபவர்கள் குறைவு. யெஸ்டியின் பிரேக்குகள் டிரம் வகையைச் சேர்ந்தவை. இன்றைய டிஸ்க் பிரேக் போல அவை நில் என்றதும் நிற்கா. சக்கரத்தைக் கழற்றி ஷூவைப் பாருங்கள். கண்ணாடி போல் வழுவழுப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள், மெலிந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும் டயரும் பத்தாண்டு கடந்திருந்தால் ரப்பர் கெட்டித்து மழைச்சாலையில் வழுக்கும். குடும்பத்தோடு செல்லும் வண்டியில் அத்தகைய டயர் இருக்கலாகாது.

சகோதரிகளுக்கும் ஒரு சொல். புர்காவின் ஓரமும் துப்பட்டியும் சேலைத் தலைப்பும் பின்சக்கர ஆரக்கம்பிகளில் சிக்கி நேர்ந்த விபத்துகளைப் பற்றி நாம் கேள்விப்படாத ஆண்டில்லை. செயின் மூடியிருக்கிறது என்பதால் சக்கரம் மூடியிருப்பதாக எண்ணிவிட வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் சேலைக் காப்பு வலை என்றோ கழன்று போயிருக்கும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒன்றைச் செய்து மாட்டிய பிறகே வீட்டுப் பெண்களை ஏற்றுங்கள். அமர்ந்ததும் துணியைச் சுருட்டி மடிக்கடியில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பிஸ்மி சொல்லி ஏறுவதும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

சபுருக்குப் போகும் முன்

நம் இளைஞர்கள் பலர் இரண்டாண்டு, மூன்றாண்டு என வளைகுடாவுக்குச் சென்று விடுகிறார்கள். போகும் அவசரத்தில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, விடுமுறையில் வந்து கிக் அடித்து, "பாழாய்ப் போயிற்று" என்று வருந்துகிறார்கள். அரை நாள் வேலை அதைத் தடுக்கும். பெட்ரோலை முழுவதும் வடித்துத் தொட்டிக்குள் எண்ணெய் பூசுங்கள். பிளக்கைக் கழற்றி, இரண்டு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி, மெல்ல நான்கைந்து முறை கிக் அழுத்தி, பிளக்கை மீண்டும் பொருத்துங்கள். சைலன்சர் வாய்களைத் துணியால் அடையுங்கள். பேட்டரியைக் கழற்றி யாருக்காவது பயன்படட்டும் என்று கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது அது எப்படியும் செத்திருக்கும். நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரத்துக்கடியில் மரக்கட்டை வையுங்கள். பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அது உள்ளே வியர்த்துத் துருவை வளர்க்கும்.

பிறகு வீட்டில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். தம்பியாக இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை, ஜும்ஆ நாளில் என்று வைத்துக் கொண்டால் மறக்காது, சாவி போடாமல் கிக் லீவரைப் பத்து முறை மெல்ல அழுத்தினால் போதும். பிஸ்டன் இறுகாது, சீல்கள் காயா. ஒரு தாயார் இதைத் தாமே செய்து வந்ததைக் கேட்டிருக்கிறேன். "மகன் வரும் வரை அதுவும் உயிரோடு இருக்கட்டுமே" என்றாராம்.

உதிரிபாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை, மைசூர், பெங்களூர் என்று தேட வேண்டியிருக்கும். நேரில் போனால் பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். ஜாவா, யெஸ்டி கிளாசிக், ரோட்கிங் ஆகியவற்றின் பாகங்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருந்து பொருந்தாமல் போகும். பார்சலில் வரவழைத்தால், அளவுகோலுக்குப் பக்கத்தில் பாகத்தை வைத்து எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். இரண்டு பிளக், ஒரு ஜோடி பாயிண்ட், கண்டன்சர், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக் ஆகியவை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் பல நகரங்களில் ஒன்று கூடுகிறார்கள். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதை அங்கே ஒரு மணி நேரத்தில் அறியலாம்.

இனி, வாப்பாவின் வண்டியைப் புதுப்பிக்கக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பேனர் அன்று, ஆர்.சி. புத்தகம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் மறைந்துவிட்டால் முப்பது நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டாலும் தாமதக் கட்டணத்தோடு செய்து கொள்ளலாமா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அத்துடன் அவ்வண்டியும் மய்யித்து விட்டுச் சென்ற சொத்தில் அடங்கும். இன்று பழைய ஜாவாவுக்கு நல்ல விலை கிடைக்கிறது. மூத்த மகன் ஓட்டுகிறான் என்பதாலேயே அது அவனுடையதாகிவிடாது. உம்மாவுக்கும், மணமாகி வேறு ஊரில் வாழும் சகோதரிக்கும் அதில் பங்குண்டு. விலை மதிப்பிட்டு அவர்களுக்குரியதைக் கொடுத்து, அல்லது அவர்கள் மனமுவந்து விட்டுக் கொடுத்ததை எழுத்தில் பெற்று, அதன்பின் டைனமோ மூடியைத் திறவுங்கள்.